மைக்கில் கூப்பிட்ட பெயர்

ரோவில்,
9 பிப்ரவரி 2025

அன்புள்ள நாகுவுக்கு,

இங்கே நான் சுகம். அங்கே நீ, வர்ஷா, மாப்பிள்ளை பிரதீப், குழந்தைகள் எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கடிதத்தைப் பார்த்ததும் பயந்துவிடாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நேற்று போனில் பதினோரு நிமிடம் பேசினோம். அதில் பாதி நேரம் பேரன் போனைப் பிடுங்கிக்கொண்டு டைனோசர் காட்டினான். மீதி நேரம் ஸ்பீக்கரில் வர்ஷா பேசினாள். நீ அடுப்புப் பக்கமிருந்து "மாத்திரை போட்டீங்களா?" என்றாய். "போட்டேன்" என்றேன். வைத்த பிறகுதான், உன்னிடம் சொல்ல நினைத்ததில் ஒன்றையும் சொல்லவில்லை என்று தெரிந்தது. மஸ்கட்டில் வேலை பார்த்த மூன்று வருடமும் ஊரில், கோபியில் இருந்த உனக்கு வாரம் ஒரு கடிதம் எழுதினேனே. அப்போது வந்தது இப்போது வராதா என்று உட்கார்ந்துவிட்டேன்.

தொழிற்சாலையில் ஓவர்டைம் நின்றுபோனது உனக்குத் தெரியும். நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறேன். இந்த வீட்டில் நாலரை மணி எப்படி இருக்கும் என்று எனக்கு இத்தனை வருடம் தெரியாது. வெயில் மேற்கு ஜன்னல் வழியாக சோபா வரைக்கும் வருகிறது. ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தம் கேட்கிறது. நின்றால் அதுவும் கேட்கிறது.

சொல்ல நினைத்தது இதுதான்: நான் ஓடுகிறேன். சிரிக்காதே. வர்ஷாவுக்குப் பாப்பா பிறக்கப்போகிறாள் என்று போன வருடம் ஜனவரியில் நீ சிட்னி கிளம்பின பிறகு, சாயங்காலம் லிஸ்டர்ஃபீல்ட் ஏரியைச் சுற்றி நடக்க ஆரம்பித்தேன். சுற்றி வர ஆறு கிலோமீட்டர். நடந்து முடித்தாலும் வீட்டுக்கு வர ஏழுதான் ஆனது. இரண்டு சுற்று நடந்தேன். பிறகு கொஞ்சம் ஓடினேன். நேற்று இருபத்தொரு கிலோமீட்டர் ஓடினேன். ஐம்பத்தொன்பது வயதில். வர்ஷாவிடம் சொல்லாதே, டாக்டரிடம் போ என்பாள்.

நாலு மாதம் என்று போனாய். பதிமூன்று மாதம் ஆகிறது. குறையாகச் சொல்லவில்லை, கணக்கு தானாக வருகிறது. எப்போது வருவாய் என்று ஒரு வரி எழுது.

அன்புடன்,
ஈஸ்வரமூர்த்தி

*

செவன் ஹில்ஸ்,
20 பிப்ரவரி 2025

மாமாவுக்கு நாகலட்சுமி எழுதுவது.

நாங்கள் எல்லாரும் சௌக்கியம். உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. வர்ஷா கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, அப்பா எதுக்கு லெட்டர் போட்டிருக்காரு? டைவர்ஸா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இருபத்தொரு கிலோமீட்டர் எதற்கு மாமா? உங்கள் இடது முழங்கால் மாடிப்படி ஏறும்போதே சத்தம் போடும். சுகர் இறங்கிவிட்டால் வழியில் யார் பார்ப்பார்கள்? பையில் பேரீச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரீசரில் பின்பக்கம் சாம்பார் பொடி டப்பா இருக்கிறது, பார்த்தீர்களா?

பாப்பா பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஈஸ்டர் முடிந்ததும் வருகிறேன். அப்போது வர்ஷாவுக்கும் லீவு இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாகலட்சுமி

*

ரோவில்,
16 மார்ச் 2025

அன்புள்ள நாகு,

சுகம்தானே? எனக்குக் கால் வலி தவிர வேறு குறை இல்லை. சாம்பார் பொடி கிடைத்தது.

பேரீச்சம்பழம் பையில் வைத்துக்கொண்டுதான் ஓடுகிறேன். அதனால் ஒரு சிநேகிதம் ஏற்பட்டது. ஃபெர்ன்ட்ரீ கல்லியில் மலைமேல் ஏறுகிற ஆயிரம் படி இருக்கிறதே, அங்கே போன சனிக்கிழமை ஒரு மனிதர் என்னைத் தாண்டி மூன்று முறை ஏறி மூன்று முறை இறங்கினார். நாலாவது முறை படியில் உட்கார்ந்துவிட்டார். தமிழ் முகமாக இருந்தது. ஒரு பழம் நீட்டினேன்.

"தாங்க்ஸ் அண்ணை. காலமை ஒண்டும் சாப்பிடேல்ல" என்றார்.

பெயர் கிருபானந்தன், சொந்த ஊர் வவுனியா, வயது ஐம்பது. டாண்டினாங் சவுத்தில் உறைபனிக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். எட்டு மணி நேரமும் மைனஸ் இருபதில் வேலை. "எனக்கு விண்டர் எண்டு ஒண்டு தனியா இல்லை அண்ணை" என்றார். 2012இல் படகில் வந்தவர். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அங்கேயே. விசா இன்னும் முடிவாகவில்லை. போனால் திரும்ப வர முடியாது, அவர்கள் வரவும் முடியாது. இதை ஆயிரம் படி ஏறிக்கொண்டே மூச்சு வாங்காமல் சொன்னார்.

அவர்தான் இந்தப் பந்தயத்தைப் பற்றிச் சொன்னார். மேரிஸ்வில் பக்கம், ஜூலை 19, சனிக்கிழமை. மலைமேல் ஏறி, பனியில் கொஞ்ச தூரம் போய், அந்தப் பக்கம் இறங்கி, சுற்றிக்கொண்டு திரும்ப வரவேண்டும். ஐம்பத்தாறு கிலோமீட்டர். பதினோரு மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும். நான் யோசிக்கிறேன் என்றேன். "நீங்கள் முதல் பதியுங்கோ. பிறகு யோசிக்கலாம்" என்றார். பதிந்துவிட்டேன்.

அந்த வாரம் நீ இங்கே இருந்தால் நன்றாக இருக்கும். ஓடி முடிக்கிற இடத்தில் குடும்பங்கள் எல்லாம் வந்து நிற்பார்களாம். கூடாரம் போட்டு சூப் கொடுப்பார்களாம். குளிராக இருக்கும், ஆனால் நீ காரிலேயே உட்கார்ந்திருக்கலாம். ஈஸ்டருக்கு வந்தாய் என்றால் ஜூலை வரைக்கும் இருந்துவிட்டுப் போகலாமே.

அன்புடன்,
மூர்த்தி

*

செவன் ஹில்ஸ்,
14 ஏப்ரல் 2025

மாமாவுக்கு,

இன்று வருடப்பிறப்பு. வடை பாயசம் வைத்தேன். எல்லாரும் நலம். உங்கள் கடிதத்துக்கு உடனே எழுத முடியவில்லை, மன்னிக்கவும்.

ஈஸ்டருக்கு வர முடியாது போல இருக்கிறது. பாப்பாவுக்குப் பல் முளைக்கிறது, காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. பிரதீப்புக்கு ஆபீஸில் இந்த மாதம் ஆன்-கால், ராத்திரியில்கூடக் கூப்பிடுவார்கள்.

ஐம்பத்தாறு கிலோமீட்டர் என்பது கோபியிலிருந்து கோயம்புத்தூர் போகிற தூரத்தில் முக்கால்வாசி. பஸ்ஸிலேயே எனக்குத் தலை சுற்றும். ஜூலையைப் பற்றி ஜூலையில் பார்க்கலாம்.

கிருபானந்தனை ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுங்கள். பாவம்.

நாகலட்சுமி

*

ரோவில்,
4 மே 2025

அன்புள்ள நாகு,

பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டதா? எனக்கு எல்லாம் சரியாக இருக்கிறது. வாரத்துக்கு எழுபது கிலோமீட்டர் ஓடுகிறேன். கிருபா வந்து சாப்பிட்டார். என் ரசத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இன்று காலை நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன். குளிர் ஆரம்பித்துவிட்டது. காது வலித்ததால், துணி துவைக்கிற அறையில் கொக்கியில் தொங்கிய உன் சிவப்புக் கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஏரிக்குப் போனேன். இரண்டாவது சுற்றில் ஒரு வியட்நாம் அம்மா என்னைக் கை காட்டி நிறுத்தினாள். எழுபது வயது இருக்கும். தொப்பியையே பார்த்தாள். "இது லட்சுமியோட தொப்பி. நீ யாரு?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். திருடனைக் கேட்பது மாதிரித்தான் கேட்டாள்.

நான் அவள் கணவன் என்றேன்.

"ஓ! அப்ப நெஜமாவே ஒருத்தர் இருக்காரா!" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். பெயர் லியென் என்றாள். ஆறு வருடம் திங்கள் முதல் வெள்ளி வரை உன்னோடு நடந்ததாகச் சொன்னாள். லைப்ரரியில் ஆங்கிலம் பேசிப் பழகும் வகுப்புக்கு உன்னைக் கூட்டிப்போனது அவள்தானாம். அவளுக்கு நீ முருங்கைக்கீரை வதக்கச் சொல்லிக்கொடுத்தாயாம். அவளுடைய கணவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது பதினெட்டு நாள் பஸ் ஏறிப் போய்க் கஞ்சி கொடுத்தாயாம். "லட்சுமி எப்பவும் என் வீட்டுக்காரர் பிசி, பிசின்னு சொல்லுவா. நான் சும்மா சொல்றான்னு நெனைச்சேன். சில பேரு அப்படிச் சொல்லிக்குவாங்க" என்றாள்.

நான் பாக்கி சுற்றை ஓடவில்லை. நடந்து காருக்கு வந்து, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நாகு, உனக்கு ஆறு வருடம் ஒரு தோழி இருந்ததை ஏன் என்னிடம் சொல்லவில்லை? பதினெட்டு நாள் பஸ்ஸில் போயிருக்கிறாய். நான் எங்கே இருந்தேன்?

நான் கேட்பதில் தப்பு இருந்தால் விட்டுவிடு. ஆனால் எழுது.

மூர்த்தி

*

செவன் ஹில்ஸ்,
9 ஜூன் 2025

மாமாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். இரண்டு வாரமாக ஒரே மழை.

தனியாக ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். பனிக்குப் போடுகிற துணிகள் ஆல்டி கடையில் வந்திருந்தன. காலை ஆறு மணிக்கே வரிசையில் நின்று வாங்கினேன். உள்ளே போட்டுக்கொள்ள கம்பளிச் சட்டை இரண்டு, காலுறை மூன்று ஜோடி, கையுறை. காலுறையைப் புதிதாக அன்று போடாதீர்கள், முன்பே நாலைந்து நாள் போட்டுப் பழக்குங்கள். கால் கொப்பளித்துவிடும் என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறது.

ஜூலையில் வர முடியாது. பேரப்பையனுக்கு ஸ்கூல் லீவு முடிகிற வாரம்.

லியெனைப் பார்த்தால் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

நாகலட்சுமி

*

ரோவில்,
22 ஜூலை 2025

அன்புள்ள நாகு,

நீ பயப்படாமல் இருப்பதற்காக முதலிலேயே எழுதிவிடுகிறேன்: முடித்துவிட்டேன். உடம்பில் ஒன்றும் உடையவில்லை. வலது கால் கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது, விழுந்துவிடும் என்று கிருபா சொல்கிறார். உட்கார்ந்தால் எழ முடியவில்லை. மற்றபடி நலம். போனில் 'முடிச்சுட்டேன்' என்று மட்டும் சொன்னேன். மீதியை எழுதுகிறேன்.

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். இருட்டு. மைனஸ் இரண்டு. எல்லாரும் நெற்றியில் விளக்குக் கட்டியிருந்தோம். புல் எல்லாம் வெள்ளையாக, மிதித்தால் நொறுங்கியது. ஏறக்குறைய நூற்றைம்பது பேர். கிருபா ஒன்பது கிலோமீட்டர் வரை என் கூடவே வந்தார். பிறகு, "அண்ணை, நான் மெதுவாப் போனா எனக்குக் குளிருது. முன்னுக்குப் போறன், குறை நினையாதேங்கோ" என்றார். அந்த விளக்கு மரங்களுக்கு நடுவே போய் மறைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பதினெட்டாவது கிலோமீட்டரில் பனி வந்துவிட்டது. முதலில் பாதை ஓரத்தில் அழுக்காக, பிறகு கணுக்கால் வரை. மேலே போகப் போக மூடுபனி. பத்து அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. வெள்ளை மரங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. முதுகுப் பையிலிருந்து தண்ணீர் உறிஞ்சுகிற குழாய் உறைந்துபோனது. பனியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். மரத்தில் கட்டியிருந்த ஆரஞ்சு நாடாதான் வழி. ஒரு நாடாவுக்கும் அடுத்த நாடாவுக்கும் நடுவில், நான் போவது சரியான பாதைதானா என்ற சந்தேகம் ஒவ்வொரு முறையும் வந்தது. எனக்கு முன்னால் யாரும் இல்லை, பின்னாலும் இல்லை. மூன்று மணி நேரம் ஒரு மனிதக் குரல் கேட்கவில்லை. அதனால் நானே பேசினேன். உன்னிடம்தான் பேசினேன். என்ன பேசினேன் என்று ஞாபகம் இல்லை. பாதி நேரம் நீ ஏன் பதில் எழுதவில்லை என்று சண்டை போட்டிருப்பேன்.

முப்பத்தெட்டாவது கிலோமீட்டரில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஹீட்டர். ஒரு வயதான பெண்மணி பொறுப்பாக இருந்தார். கையுறையைக் கழற்றச் சொன்னார். என்னால் முடியவில்லை, விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. அவரே கழற்றி, என் இரண்டு கைகளையும் அவர் கைக்குள் வைத்துத் தேய்த்தார். பெயர் என்ன, இன்று என்ன கிழமை என்று கேட்டார். புத்தி சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார் என்று புரிந்தது. நான் ஒழுங்காகச் சொன்னேன். "நிறுத்திக்கறீங்களா? வேன் இருக்கு. கீழ யாராவது உங்களுக்காகக் காத்திருக்காங்களா?" என்று கேட்டார்.

"என் மனைவி" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை, நாகு. வாய் தானாகச் சொல்லிவிட்டது. யாரும் இல்லை என்றால் வேனில் ஏற்றிவிடுவார் என்று தோன்றியதோ என்னவோ. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அவங்க பேரு என்ன?" என்றார். லட்சுமி என்றேன். "அப்ப லட்சுமியைக் காக்க வைக்காதீங்க" என்று சொல்லி, சூடாகத் தேநீர் கொடுத்து, முதுகில் தட்டி அனுப்பினார்.

பாக்கி பதினெட்டு கிலோமீட்டரை எப்படிப் போனேன் என்று கேட்காதே. கடைசி இறக்கத்தில் இரண்டு முறை விழுந்தேன். ஊருக்குள் நுழையும்போது மணி ஐந்து தாண்டிவிட்டது, வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. மொத்தம் பத்து மணி நேரம் நாற்பத்தொரு நிமிடம். கிருபா எப்போதோ முடித்து, இரவு ஷிஃப்டுக்குக் கிளம்பிப்போயிருந்தார். இன்னும் ஐம்பது பேர் போல நின்று கை தட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் மைக்கில் கேட்டது.

"நம்பர் நூத்திப் பதினாலு, மூர்த்தி வர்றாரு! லட்சுமி, எங்க இருக்கீங்க? முன்னாடி வாங்க லட்சுமி! உங்க ஆள் வந்துட்டாரு!"

கொட்டகையிலிருந்த அம்மா வயர்லெஸ்ஸில் சொல்லியிருக்கிறார். அன்பாகத்தான் சொல்லியிருக்கிறார், மனைவி பயந்துகொண்டிருப்பாள் என்று. மைக் பிடித்தவர் இரண்டாவது முறையும் கூப்பிட்டார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண் தன் பக்கத்தில் இருந்த குழந்தையை இழுத்து, நீ வருவதற்கு வழி விட்டாள். ஒருவரும் வரவில்லை. கை தட்டுவது கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. நான் கோட்டைத் தாண்டினேன். கூப்பிட்டவர் மைக்கைக் கீழே இறக்கி என்னைப் பார்த்தார். "பார்க்கிங்கில் இருப்பாள்" என்றேன்.

கூடாரத்தில் ஒரு பையன் சூப் கொடுத்தான். இரண்டு கப். "ஒண்ணு உங்க வைஃபுக்கு" என்றான். வாங்கிக்கொண்டு போய் காரில் உட்கார்ந்தேன். இரண்டையும் நானே குடித்தேன்.

நீ வராததற்காக இதை எழுதவில்லை. நடந்தது இதுதான் என்பதற்காக எழுதுகிறேன்.

மூர்த்தி

*

ரோவில்,
10 ஆகஸ்ட் 2025

நாகு,

சுகமா? போன கடிதம் வந்து சேர்ந்ததா? மூன்று முறை போன் செய்தேன். பாப்பாவைத் தூங்க வைக்கிறாய் என்று வர்ஷா சொன்னாள். ஒரு முறை சாயங்காலம் நாலு மணி. தூங்க வைக்கிற நேரம்தானா என்று எனக்குத் தெரியாது.

நகம் விழுந்துவிட்டது. வலி இல்லை.

மூர்த்தி

*

செவன் ஹில்ஸ்,
24 ஆகஸ்ட் 2025

மாமாவுக்கு,

நான் உடம்புக்கு நன்றாகத்தான் இருக்கிறேன். கடிதம் ஜூலை கடைசியிலேயே வந்துவிட்டது. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன்.

மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள் என்று படித்தபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என்னைக் கேட்காமல் என்னை அங்கே நிறுத்தியிருக்கிறீர்கள். பிறகு சூப் இரண்டையும் நீங்களே குடித்ததைப் படித்துவிட்டு, துணி துவைக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பையன் வந்து தட்டுகிற வரைக்கும் வெளியே வரவில்லை.

இனியும் மறைத்து எழுதுவது நியாயம் இல்லை. பாப்பாவுக்குப் பல், பையனுக்கு லீவு, பிரதீப்புக்கு வேலை என்று எழுதியதெல்லாம் பொய் இல்லை. ஆனால் காரணம் அது இல்லை. பாப்பா பிப்ரவரியிலிருந்தே வாரத்தில் மூன்று நாள் சைல்ட்கேர் போகிறாள். வர்ஷாவே கேட்டாள், "அம்மா, நீ ரோவிலுக்குப் போகணும்னா போலாம். நாங்க சமாளிச்சுக்குவோம்." போகவில்லை. நான்தான் போகவில்லை.

இங்கே ஒரு ஸ்கூல் கேண்டீனில் வேலை பார்க்கிறேன். செவ்வாய், புதன், வியாழன். சாண்ட்விச் போடுவேன், வெள்ளிக்கிழமைக்கு மஃபின் மாவு கலந்து வைப்பேன். ப்ரீத்தி என்று ஒரு பெண்தான் சேர்த்துவிட்டாள். பிள்ளைகள் என்னை மிஸஸ் எல் என்று கூப்பிடுகிறார்கள். நீங்கள் நாலு மணிக்கு போன் செய்த அன்று நான் வீட்டிலேயே இல்லை. வர்ஷாவைப் பொய் சொல்லச் சொன்னது நான்தான். அவளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

லியெனைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்லக்கூடாது என்று இருந்ததில்லை. நீங்கள் எட்டு மணிக்கு வருவீர்கள். டிவி முன்னால் சாப்பிடுவீர்கள். ஒன்பதரைக்குக் கண் சொருகிவிடும். நமக்காகத்தானே இப்படி உழைக்கிறார் என்று நானும் வாயைத் திறக்கவில்லை. முதல் வருடம் சொல்லாதது இரண்டாவது வருடம் சொல்ல வரவில்லை. பிறகு அது என்னுடையது ஆகிவிட்டது.

எனக்குக் கோபம் இல்லை மாமா. கோபமாக இருந்தால் போனிலேயே கத்தியிருப்பேன். அந்த வீட்டை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் மோசமானவர் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. ஆனால் திரும்பி வருகிறேன் என்று இனிமேல் எழுத மாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

நாகலட்சுமி

*

ரோவில்,
31 ஆகஸ்ட் 2025

அன்புள்ள நாகு,

நீ சுகமாக இருப்பது தெரிந்து நிம்மதி.

இந்தக் கடிதத்தை நாலு முறை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் எங்கேயாவது 'வந்துவிடு' என்று எழுதியிருந்தேன். இதில் எழுதவில்லை.

நேற்று கிருபாவோடு ஓடினேன். உன் கடிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை. மனைவி இனி இங்கே வரமாட்டாள் என்று மட்டும் சொன்னேன். அவர் ஓட்டத்தை நிறுத்தி நடக்க ஆரம்பித்தார். பிறகு, "அண்ணை, உங்கட மனிசி பிளேனில ஒரு மணித்தியாலத்தில இருக்கிறா. நீங்கள் ஏன் போகேல்ல?" என்று கேட்டார். சண்டை மாதிரி கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டார். சிட்னிக்கு இரண்டு முறை வந்தேன். இரண்டு முறையும் ஹாலில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஞாயிறு மத்தியானமே கிளம்பிவிட்டேன்.

மிஸஸ் எல் என்பதை நினைத்துக்கொண்டு இரண்டு நாள் சிரித்தேன். மஃபினில் என்ன போடுவாய்?

ஒன்று மட்டும் கேட்கிறேன். பதிலுக்காக அவசரப்படுத்தவில்லை. பதினாறு வருடம் இந்த வீட்டில், காலையில் நான் போன பிறகு நான் வருகிற வரைக்கும், நீ என்ன செய்வாய்? ஒரு நாளைச் சொல். எந்த நாளாக இருந்தாலும் சரி.

மூர்த்தி

*

செவன் ஹில்ஸ்,
14 செப்டம்பர் 2025

மாமாவுக்கு,

நலம். இங்கே குளிர் விட்டுவிட்டது. மஃபினில் வாழைப்பழமும் கொஞ்சம் ஏலக்காயும். ஏலக்காய் என் வேலை, தலைமை அம்மாவுக்குத் தெரியாது.

ஒரு நாளைச் சொல்லச் சொன்னீர்கள். 2014இல் ஒரு செவ்வாய்க்கிழமை. ஏன் அந்த நாள் என்றால், அன்று என் பிறந்தநாள். உங்களுக்கு மறந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. நாம் எப்போதும் கொண்டாடியதில்லையே.

நீங்கள் ஐந்து ஐம்பதுக்குப் போனீர்கள். ஏழு மணிக்குள் எல்லா வேலையும் முடிந்துவிட்டது. மிச்சம் இருக்கட்டும் என்று குளியலறையை மட்டும் கழுவாமல் வைத்தேன். ஒன்பது பத்து பஸ்ஸில் ஸ்டட் பார்க் கடைக்குப் போனேன். எனக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. ஒரு எலுமிச்சம்பழம் எடுத்துக்கொண்டு, மனிதர் நிற்கிற கவுண்டரில் நின்றேன். நாமே மெஷினில் பில் போட்டால் யாரும் பேச மாட்டார்கள். அந்தப் பெண் எப்படி இருக்கீங்க என்று கேட்டாள். இன்று என் பிறந்தநாள் என்று சொல்லவேண்டும் என்று பஸ்ஸிலேயே ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன். பின்னால் ஆள் நின்றதால் குட் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பன்னிரண்டு மணிக்கு வீடு. நின்றுகொண்டே சாப்பிட்டேன். வர்ஷாவுக்கு போன் செய்தேன், காலேஜில் இருந்தாள், எடுக்கவில்லை. குளியலறை கழுவினேன். கேசரி கிளறினேன். எட்டு பத்துக்கு நீங்கள் வந்தீர்கள். ஷூவைக் கழற்றிக்கொண்டே "லெட்டர் ஏதாச்சும் வந்துச்சா?" என்று கேட்டீர்கள். தினமும் கேட்பீர்கள், கரண்ட் பில், வீட்டு வரி என்று ஏதாவது வந்திருக்கும். இல்லை என்றேன். கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, "நல்லாருக்கு, என்ன விசேஷம்?" என்றீர்கள். சும்மாதான் என்றேன்.

இவ்வளவுதான் அந்த நாள். எழுதி முடித்தபோது எனக்கே, இதையா இத்தனை வருடம் சுமந்தோம் என்று இருந்தது. ஆனாலும் சுமந்தேன்.

நான் ரோவிலுக்கு வருவேனா என்று தெரியவில்லை. நீங்கள் இங்கே வந்தால் நாம் என்ன பேசுவோம் என்றும் தெரியவில்லை. அக்டோபர் முதல் வாரம் ஸ்கூல் லீவு, எனக்கும் வேலை இல்லை. வாருங்கள். லேப்டாப் வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலம் ரயில் ஏறினால் ஞாயிறு காலை ஏழு மணிக்கு சிட்னி சென்ட்ரல். அங்கிருந்து செவன் ஹில்ஸுக்கு வேறு ரயில் மாறவேண்டும்.

வர்ஷாவும் பிரதீப்பும் ஸ்டேஷனுக்கு வரமாட்டார்கள். நான்தான் வருவேன். ஜூனில் லைசென்ஸ் வாங்கிவிட்டேன், மூன்றாவது தடவையில். உங்களுக்குச் சொல்லவில்லை. ரவுண்டானாவில் இன்னும் கொஞ்சம் பயம் இருக்கிறது, அப்போது மட்டும் என்னிடம் பேசாதீர்கள்.

செவன் ஹில்ஸ் ஸ்டேஷன் பாலத்தில் ஏறி வடக்குப் பக்கம் இறங்குங்கள். நான் முன்னாலேயே வந்து நிற்பேன். வெள்ளை டொயோட்டா. கண்ணாடியில், புதிதாக லைசென்ஸ் வாங்கினவர்களுக்கான சிவப்பு P ஒட்டியிருக்கும்.

நாகலட்சுமி